100% ரிசல்ட்னு ஃப்ளெக்ஸ் வச்ச ஸ்கூல்ல சேக்கலாமா? "அது வெறும் செலக்‌ஷன்"ங்கறான் மச்சான், யாராவது புரிய வைங்கப்பா

கொளத்தூர்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது முடிக்கப் போறா, இப்ப படிக்கிற ஸ்கூல்ல அதுக்கு மேல கிளாஸ் கிடையாது, ஒன்பதாவதுக்கு வேற இடம் பாத்தே ஆகணும். நடந்து போற தூரத்துல ரெண்டு இருக்கு. ஒண்ணு மெட்ரிக். கேட்டுல ஆரம்பிச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க, தொடர்ந்து இத்தனாவது வருஷமா 100% தேர்ச்சி, பசங்க போட்டோ, கீழ மார்க்கு. இன்னொண்ணு அரசு உதவி பெறும் பள்ளி, போன வருஷம் பத்தாவதுல 91%. ஃபீஸ் வித்தியாசத்த இங்க எழுதினா எனக்கே நெஞ்சு அடைக்கும்.

வீட்டம்மா 100 தான் வேணும்ங்கறாங்க. மச்சான் புள்ளியியல் படிச்சவன், "மாமா அந்த 100ஐ நம்பாதீங்க, அது வெறும் செலக்‌ஷன்"னு ஒரே வரில சொல்லிட்டு மீட்டிங் இருக்குன்னு போனை வச்சுட்டான். நல்லா படிக்கிற பசங்கள செலக்ட் பண்றது அப்படி என்ன தப்பு? கிரிக்கெட் டீம்ல பண்றோம், வேலைக்கு எடுக்கும்போது பண்றோம், கத்திரிக்கா வாங்கும்போது கூட சொத்தைய ஒதுக்கிட்டுதான எடுக்கறோம். புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

வேளச்சேரி_வெங்காயம்:
மச்சான் உங்க போனை வச்சதும் செலக்‌ஷன்தான் தல 😄

டீச்சரம்மா_தாம்பரம்:
சார், நான் 22 வருஷமா டீச்சர், அதுல ஆறு வருஷம் இந்த மாதிரி ஃப்ளெக்ஸ் வைக்கிற ஒரு ஸ்கூல்ல இருந்தேன், பேரு வேணாம். வெளிய தெரியற மாதிரி எதுவும் நடக்காது. ஒன்பதாவது அரைப்பரீட்சை முடிஞ்சதும் ஒரு லிஸ்ட் ரெடியாகும், அந்தப் பிள்ளைங்களோட அம்மா அப்பாவ ஒவ்வொருத்தரா கூப்பிட்டு காபி எல்லாம் கொடுத்து ரொம்ப மரியாதையா "உங்க பையனுக்கு இந்த ப்ரெஷர் ஒத்துக்கல, வேற இடத்துல போட்டா சந்தோஷமா இருப்பான், டிசி இப்பவே தந்துடறோம்"னு சொல்லுவாங்க. சில பேரு அழுவாங்க, சில பேரு சண்டை போடுவாங்க, கடைசில எல்லாரும் வாங்கிட்டுப் போயிடுவாங்க. பிடிவாதமா நிக்கறவங்கள தனித்தேர்வரா எழுத வச்சிடுவாங்க, அப்ப அந்தப் பிள்ளையோட ரிசல்ட் ஸ்கூல் கணக்குல வராது. மீதி இருக்கறவங்கதான் பரீட்சை எழுதுவாங்க. 100% வராம எங்க போகும்.

2017ல அரசு ஸ்டேட் ரேங்க் அறிவிக்கிறத நிறுத்தினப்ப கொஞ்சம் அடங்கும்னு நெனச்சேன். ரேங்க் போச்சு, சதவீதம் வந்து உக்காந்துடுச்சு, அவ்ளோதான்.

புள்ளிராஜா:
மேடம் சொன்னதையே நம்பர்ல சொல்றேன், கொளத்தூர் அண்ணா ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. கணக்குக்காக நானா வச்ச நம்பர்தான்.

ஒன்பதாவதுல 120 பேர், சராசரி 62 மார்க். இதுல 30 பேருக்கு டிசி, அந்த 30 பேரோட சராசரி 38. இப்ப மீதி 90 பேரோட சராசரி என்ன? 120 இன்ட்டு 62, 7440. அதுல 30 இன்ட்டு 38, 1140 போச்சு. மீதி 6300, 90ஆல வகுத்தா 70. ஒரு டீச்சர் கூட ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கல, ஒரு பிள்ளை கூட ஒரு பக்கம் கூடுதலா படிக்கல, ஸ்கூல் 62ல இருந்து 70க்கு போயிடுச்சு. அடுத்த வருஷம் அந்த 90 பேரும் பத்தாவதுல 72 எடுக்கறாங்கன்னு வைங்க. நோட்டீஸ்ல "ஒரே வருஷத்துல 10 மார்க் முன்னேற்றம்"னு போடுவாங்க. அந்த 10ல பாடம் நடத்தி வந்தது 2, கேட்டுக்கு வெளிய அனுப்பி வந்தது 8.

உங்க மச்சான் சொன்னது இந்த 8ஐத்தான்.

இதுக்கு நம்ம ஊரு சம்பந்தம் உள்ள ஒரு பழைய கதை இருக்கு. ரெண்டாம் உலகப்போர், 1943, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல புள்ளியியல்காரங்க ஒரு குரூப் ராணுவத்துக்காக கணக்கு போட்டுட்டு இருந்தாங்க, அதுல ஒருத்தர் ஆபிரகாம் வால்டு. ஹங்கேரி யூதக் குடும்பம், வியன்னால இருந்து நாஜிகளுக்குத் தப்பிச்சு 1938ல அமெரிக்கா வந்தவர். குண்டு போடப் போன விமானங்கள் திரும்பி வரும்போது இறக்கைல, உடம்புல எல்லாம் ஓட்டையா வரும், எஞ்சின் பக்கம் மட்டும் கம்மியா இருக்கும். ஓட்டை இருக்கற இடத்துல தகடு போடலாம்னு தோணும்ல? ஆனா எஞ்சின்ல குண்டு வாங்கினது திரும்பியே வரல, அதனாலதான் கணக்குல இல்ல. அப்ப தகடு வேண்டியது ஓட்டை இல்லாத இடத்துல. நெட்ல சுத்தற சிவப்புப் புள்ளி வச்ச விமானப் படம் பின்னாடி யாரோ வரைஞ்சது, வால்டு எழுதி வச்சது முழுக்க கணக்குதான்.

சரி நம்ம ஊரு எங்க வந்துச்சுன்னா, 1950ல இந்திய அரசாங்கம் கூப்பிட்டு லெக்சர் கொடுக்க வந்தார். டிசம்பர் 13ந்தேதி அவரும் மனைவியும் போன ஏர் இந்தியா விமானம் நீலகிரில ரங்கசாமி மலை பக்கம் மோதி ரெண்டு பேரும் போயிட்டாங்க. திரும்பி வராத விமானத்தப் பத்தி யோசிச்ச மனுஷன். கோத்தகிரி பக்கம் எத்தனை தடவ டூர் போயிருக்கோம், அங்க ஒருத்தரும் இதச் சொன்னதில்ல.

வேளச்சேரி_வெங்காயம்:
தல கதை சூப்பர், ஆனா இந்தப் பேர வச்சுக்கிட்டு நீங்க சீரியஸா பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா" போஸ்டர்தான் ஞாபகம் வருது.

புள்ளிராஜா:
புள்ளியியல் படிச்சதால வச்ச பேருய்யா. பத்து வருஷமா இதே விளக்கம் கொடுத்துட்டிருக்கேன்.

கொளத்தூர்_அப்பா:
கணக்கு நல்லாவே புரிஞ்சுது, நன்றி தம்பி. ஆனா என் வீட்டம்மா பக்கத்துல உக்காந்து படிச்சுட்டு ஒரு கேள்வி கேக்கறாங்க. "சரி, வடிகட்டினாங்கன்னே வச்சுக்குவோம். வடிகட்டின பசங்களோட உக்காந்தா நம்ம பொண்ணும் நல்லா படிப்பால்ல?" இதுக்கு என்னங்க பதில் சொல்றது?

லேப்கோட்:
நான் மைக்ரோபயாலஜி ஆளு, ஸ்கூல் விஷயம் தெரியாது, ஆனா இந்தக் கேள்வி எங்க ஃபீல்டுல 80 வருஷம் முன்னாடி பெரிய சண்டையா இருந்தது. கிருமிக்கு மருந்து போடறோம், நெறைய சாகுது, கொஞ்சம் தாக்குப்பிடிச்சு பெருகுது. மருந்துதான் அதுங்களுக்கு அந்த சக்தியக் கொடுத்துச்சா, இல்ல ஏற்கனவே இருந்தத விட்டுட்டு மத்தத அழிச்சுதா? 1943ல லூரியாவும் டெல்ப்ரூக்கும் மருந்துக்குப் பதிலா கிருமியத் தாக்கற வைரஸப் போட்டு, கணக்கு வச்சு காட்டினாங்க, 1952ல லெடர்பெர்க் தம்பதி ரொம்ப அழகா செஞ்சாங்க. ஒரு தட்டுல வளந்த கிருமிக் கூட்டம் மேல வெல்வெட் துணிய முத்திரை மாதிரி ஒத்தி, அதே துணிய மருந்து கலந்த பல தட்டுல ஒத்தினாங்க. எல்லாத் தட்டுலயும் அதே அதே இடத்துல மட்டும் முளைச்சுது. அப்படின்னா மருந்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே முதல் தட்டுல அந்த இடத்துல எதிர்ப்பு சக்தி இருந்திருக்கு.

அதனால அக்காவுக்கு என் பதில், வடிகட்டி எதையும் உண்டாக்காது, இருந்தத விட்டுவைக்கும். டாக்டர கேக்காம அஞ்சு நாள் கோர்ஸ்ல ரெண்டு நாள் மாத்திரை போட்டு நிறுத்தற ஜனங்களுக்கும் இதச் சொல்லணும், அது தனி இழை.

நெல்லுமணி:
லேப்கோட் ப்ரோ பாதி சரி. ஒரு தடவ வடிகட்டினா உண்டாகாது, தலைமுறை தலைமுறையா வடிகட்டி, நடுநடுவுல கலப்பும் பண்ணா உலகத்துல இல்லாததே உண்டாகும். நான் கோயமுத்தூர்ல வேளாண்மை படிச்சவன், எங்க ஊரு கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையே எடுத்துக்கோங்க, 1912ல ஆரம்பிச்சது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடிக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தாங்க. நாணல்ல சக்கரை சொல்லிக்கிற மாதிரி இருக்காது ஆனா எதையும் தாங்கும், கரும்புல சக்கரை உண்டு ஆனா வட இந்தியக் குளிரு, வறட்சி தாங்காது. கலப்புல வந்த நாத்துகள்ல பொறுக்கிப் பொறுக்கி 1918ல கோ 205 வந்துச்சு. அது அப்பா மாதிரியும் இல்ல, அம்மா மாதிரியும் இல்ல. டார்வின் 1859ல புத்தகம் போட்டப்ப முதல் அத்தியாயமே புறா வளக்கறவங்க எப்படி பொறுக்கறாங்கங்கறதுதான். ரஷ்யால பெல்யாயெவ் 1959ல இருந்து சாதுவான நரிய மட்டும் பொறுக்கி இனப்பெருக்கம் பண்ணினார், சில தலைமுறைல வாலாட்டற நரி வந்துடுச்சு, அதோட தொங்கற காது, திட்டுத்திட்டா நிறம்னு அவர் பொறுக்காததெல்லாமும் சேந்து வந்துச்சு.

அப்ப செலக்‌ஷன் வெறும் ஏமாத்து வேலைன்னு சொல்றது அநியாயம். நம்ம சாப்பிடற அத்தனையும் யாரோ ஒரு விவசாயி வெதைக்குன்னு தனியா எடுத்து வச்ச நல்ல கதிர்ல இருந்து வந்ததுதான்.

புள்ளிராஜா:
ரெண்டு பேரும் ஒரே சமன்பாட்டோட ரெண்டு பக்கத்தப் புடிச்சு இழுக்கறீங்க. ஜார்ஜ் பிரைஸ்னு ஒருத்தர், வேதியியல் படிச்சவர், உயிரியல்ல முறையான படிப்பே கிடையாது. 1967ல அமெரிக்கால இருந்து லண்டன் வந்து நூலகத்துல உக்காந்து தானா கத்துக்கிட்டு 1970ல நேச்சர் இதழ்ல ஒரு சமன்பாடு போட்டார். ஒரு கூட்டத்தோட சராசரி மாறுதுன்னா காரணத்த ரெண்டாப் பிரிக்கலாம். யாரு மிஞ்சறாங்க, யாரு பெருகறாங்கங்கறதால வர்ற மாற்றம் ஒண்ணு. மிஞ்சினவங்களுக்கு உள்ளயே, அவங்க வாரிசுக்குள்ளயே நடக்கிற மாற்றம் இன்னொண்ணு. ரெண்டையும் கூட்டினா மொத்தம். நான் மேல போட்ட 8ம் 2ம் அதேதான்.

அவர் அதோட நிக்கல. செலக்‌ஷன்ங்கறது மரபணுவுக்கு மட்டும் சொந்தமில்ல, கரைசல்ல நல்ல படிகம் வளந்து கோணலானது கரையறது, பல தடவ முயற்சி பண்ணித் தப்ப விட்டு சரியான வழியக் கத்துக்கறது, எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கோட்பாடு வேணும்னு இன்னொரு கட்டுரை எழுதி வச்சார். 1975ல அவர் இறந்துட்டார், அது அச்சுல வந்தது 1995ல. கடைசிக் காலத்துல கையில இருந்ததெல்லாம் வீடில்லாதவங்களுக்குக் கொடுத்துட்டு வாழ்ந்த மனுஷன்.

நெல்லுமணி சொல்ற கரும்புல பொறுக்கின நாத்தே அடுத்த சுத்து கலப்புக்கு அப்பா அம்மாவா போகுது, அதனால பொறுக்கறது நெசமாவே சேந்துக்கிட்டே வருது. ஸ்கூல்ல டிசி வாங்கினவன் பக்கத்து ஸ்கூலுக்குப் போறான். ஊருல மொத்த மார்க் ஒரு புள்ளி கூட ஏறல, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஊத்தினது மாதிரி.

நெல்லுமணி:
ஒத்துக்கறேன் அண்ணே. வீட்டம்மா கேட்ட கேள்விக்கு ஒண்ணு சேத்துக்கறேன், கோழி கதை. அமெரிக்கால பர்டூ பல்கலைக்கழகத்துல மியூர்னு ஒருத்தர் 90கள்ல பண்ணினது. கூண்டுல நெறைய முட்டை போடற கோழியத் தனித்தனியா பொறுக்கினா, பல சமயம் அது மத்த கோழியக் கொத்தி ஒடுக்கி வளந்ததா இருக்கும். அதோட வாரிசுகள ஒரே கூண்டுல போட்டா கொத்திக்கிட்டு சாகும். அவர் தனிக் கோழியப் பாக்காம கூண்டு மொத்தமா எத்தனை முட்டைன்னு பாத்து, நல்ல கூண்டையே முழுசா எடுத்தார். சாவு மடமடன்னு குறைஞ்சுது, முட்டையும் கூடிச்சு. டாப்பர மட்டும் பொறுக்கி ஒரு செக்‌ஷன்ல போடறவங்க இதப் படிக்கணும். மனுஷப் பிள்ளையும் கோழியும் ஒண்ணான்னு சண்டைக்கு வராதீங்க.

வேளச்சேரி_வெங்காயம்:
நானும் ஒரு ஆராய்ச்சி சொல்றேன். மெயின் ரோட்டு பளபள கடை பிரியாணி எப்பவும் சுமாராத்தான் இருக்கும், சந்துக்குள்ள தகரக் கூரை போட்ட கடைதான் டாப்பு. பதினஞ்சு வருஷமா வேளச்சேரில இருந்து மவுன்ட் ரோடு வரைக்கும் சாப்பிட்டுக் கண்டுபிடிச்சது. இதுவும் செலக்‌ஷனா?

புள்ளிராஜா:
உங்கள கட்டிப்புடிக்கணும் போல இருக்கு வெங்காயம், இதுக்கு பெர்க்சன் முரண்னு பேரு. சந்துக்குள்ள ருசியும் இல்லாத கடை ஆறு மாசத்துல மூடிடும், நீங்க அதப் பாக்கவே மாட்டீங்க. மெயின் ரோட்டுல சுமாரா இருந்தாலும் வழில போறவங்க வந்துடுவாங்க, பொழச்சுக்கும். ஆக இன்னிக்குத் தொறந்திருக்கற கடைன்னா ஒண்ணு இடம் நல்லா இருக்கும், இல்ல ருசி நல்லா இருக்கும். மூடின கடையெல்லாம் கணக்குல இல்லாததால, இடத்துக்கும் ருசிக்கும் ஏதோ ஜென்மப் பகை இருக்கற மாதிரி உங்களுக்குத் தெரியுது. ஜோசப் பெர்க்சன் மேயோ கிளினிக்ல இருந்த டாக்டர், 1946ல ஆஸ்பத்திரிக் கணக்குல இது எப்படி வரும்னு காட்டினார். ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்கள மட்டும் எண்ணினா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு வியாதிக்கு நடுவுல சம்பந்தம் தெரியும், ஏன்னா ரெண்டுமே இல்லாதவன் வீட்டுல இருக்கான்.

வேளச்சேரி_வெங்காயம்:
பதினஞ்சு வருஷ ஆராய்ச்சி போச்சே. சரி சந்துக் கடைக்குப் போறத நிறுத்த மாட்டேன்.

பெரம்பூர்_பாஸ்:
29சி எப்பவுமே பிதுங்கி வழியுதே, எம்டிசில கேட்டா சராசரி கூட்டம் அவ்ளோ இல்லங்கறாங்க, அதுவும் இதுதானா?

புள்ளிராஜா:
அதேதான், ரெண்டு பேருமே உண்மை சொல்றீங்க. ஒரு பஸ்ல 80 பேர், பின்னாடியே வர்றதுல 10 பேர். பஸ்ஸுக்கு சராசரி 45. ஆனா எறங்கின 90 பேரையும் நிக்க வச்சு "உங்க பஸ்ல எத்தனை பேரு"ன்னு கேட்டா, 80 பேரு 80ம்பாங்க, 10 பேருதான் 10ம்பாங்க, சராசரி 72. காலி பஸ்ஸோட சுகத்தச் சொல்ல ஆளே கம்மி.

சுயவரம்_சுரேஷ்:
இழை வேற பக்கம் போகுது, நான் முடிவெடுக்கற பக்கத்த சொல்றேன். கொளத்தூர் சார், எப்ப தேடறத நிறுத்தறதுன்னு ஒரு விதி இருக்கு, 37% விதி. ஒவ்வொண்ணா வருது, வேணாம்னு விட்டா திரும்பக் கிடைக்காது, அதுல இருக்கறதுலயே பெஸ்ட்ட புடிக்கணும்னா, மொத்தத்துல முதல் 37%ஐ சும்மா பாத்துட்டு விட்டுடணும், அதுக்கப்புறம் பாத்ததெல்லாத்தையும் விட நல்லதா எது முதல்ல வருதோ அத எடுத்துடணும். 20 வாடகை வீடு பாக்கறதுன்னா முதல் 7க்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. நான் போரூர்ல வீடு பாத்தப்ப அப்படித்தான் பண்ணினேன்.

டீச்சரம்மா_தாம்பரம்:
கெடச்சுதா தம்பி?

சுயவரம்_சுரேஷ்:
கெடச்சுது மேடம், தண்ணி லாரிதான் வாரத்துக்கு ரெண்டு. அந்த விதிலயும் பெஸ்ட் கிடைக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 37%தான், அத முதல்லயே சொல்லியிருக்கணும். கெப்ளர் தெரியும்ல, கோள் எல்லாம் நீள்வட்டத்துல சுத்துதுன்னு சொன்னவர். முதல் மனைவி 1611ல இறந்ததும் ரெண்டாவது கல்யாணத்துக்கு 11 பொண்ணுங்கள பாத்து, ரொம்பக் குழம்பி, கடைசில அஞ்சாவதா பாத்தவங்கள 1613ல கட்டிக்கிட்டார். விதிப்படி பாத்தா திரும்பிப் போறது ஆட்டத்துல கிடையாது. அவர் போனார், அந்தம்மாவும் ஒத்துக்கிட்டாங்க.

புள்ளிராஜா:
கொளத்தூர் அண்ணாவுக்கு இந்த விதி தேவைப்படாது சுரேஷ். அவருக்கு இருக்கறது ரெண்டே ரெண்டு ஸ்கூல். அதுவும் இல்லாம, அங்க அவர் மட்டும் செலக்ட் பண்ணல, ஸ்கூலும் அவர் பொண்ண செலக்ட் பண்ணுது.

கல்வெட்டு_பைத்தியம்:
ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், யாரும் உத்திரமேரூரச் சொல்லலையேன்னு ஆச்சரியம். சென்னைல இருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டினது, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கற முறைய வரி வரியா எழுதி வச்சிருக்கு. வயசு 35க்கு மேல 70க்குள்ள, வரி கட்டற நிலம் கால்வேலி, சொந்த மனைல வீடு. முந்தின மூணு வருஷத்துல பதவில இருந்தவன் கூடாது, கணக்குக் காட்டாதவன் கூடாது, அவனோட சொந்தக்காரனும் கூடாது. இதெல்லாம் தேறினவங்க பேர ஓலைல எழுதி 30 குடும்புக்கும் (இப்ப வார்டு மாதிரி) தனித்தனிக் கட்டாக் கட்டி, குடத்துல போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. குடவோலை. அதாவது முதல்ல சல்லடை, அப்புறம் குலுக்கல். யாரு கெட்டிக்காரன்னு கடைசி வரைக்கும் தேடிட்டே போகல, ஒரு தகுதிக்கு மேல எல்லாரும் ஒண்ணுன்னு விட்டுட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குப் புடிச்சது.

லேப்கோட்:
சல்லடைல யாரெல்லாம் விழுந்தாங்கன்னும் சொல்லணும் சார். அது பிரம்மதேய ஊரு, பிராமணர்களுக்கு தானமா கொடுத்தது. நிலம் இல்லாதவன், வேதம் படிக்காதவன், பொம்பளைங்க யாரோட ஓலையும் குடத்துக்குள்ளயே போகல. பையன் கண்ண மூடிட்டு எடுத்தா மட்டும் நியாயம் ஆயிடுமா?

கல்வெட்டு_பைத்தியம்:
அதுல மறுப்பே இல்ல தம்பி. கல்வெட்டுல யாரு வரக்கூடாதுங்கற லிஸ்ட்தான் ரொம்ப நீளம்.

புதுப்பேட்டை_அம்மா:
எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, குலுக்கல்னு சொன்னதால எழுதறேன். என் பையனுக்கு எல்கேஜி சீட்டு, ஆர்டிஇ சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஒதுக்கற 25% இடத்துல, குலுக்கல்லதான் விழுந்துச்சு. அந்த ஹால்ல எங்க தெருப் பொண்ணு ஒண்ணு, அவ பிள்ளையும் என் பிள்ளை வயசுதான், அவளுக்கு விழல. வெளிய வந்து ரெண்டு பேரும் ஒரே ஆட்டோலதான் வீட்டுக்கு வந்தோம், பேசிக்கல. இப்ப என் பையன் அஞ்சாவது, நல்லா இங்கிலீஷ் பேசறான். அவ பையன் கார்ப்பரேஷன் ஸ்கூல், கணக்குல என் பையனவிட கெட்டிக்காரன்.

புள்ளிராஜா:
அம்மா, இந்த இழைலயே பெரிய விஷயத்த நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ஒரு ஸ்கூல் நெசமா சொல்லிக்கொடுக்குதான்னு தெரியணும்னா, ஃப்ளெக்ஸ்ல இருக்கற பிள்ளையப் பாத்து பிரயோஜனம் இல்ல. அந்தக் குலுக்கல்ல விழுந்த பிள்ளைங்க எல்லாரையும், விழாத பிள்ளைங்க எல்லாரையும் பத்து வருஷம் கழிச்சு ஒப்பிடணும். ரெண்டு பக்கமும் அதே தெரு, அதே வருமானம், அதே அக்கறையுள்ள அம்மா. பிரிச்சது சீட்டு மட்டும்தான். மருந்துச் சோதனைல பிராட்ஃபோர்டு ஹில் பண்ணினதும் இதுதான், டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின், 1948ல வெளியான பிரிட்டிஷ் ஆய்வு. எந்த நோயாளிக்கு மருந்துங்கறத டாக்டர் முடிவு பண்ணல, ஒட்டி மூடின உறைக்குள்ள இருந்த சீட்டு முடிவு பண்ணுச்சு. டாக்டர் கையில விட்டா பொழைக்கிற மாதிரி இருக்கறவனுக்குக் கொடுத்துடுவார், மனுஷ சுபாவம்.

எத்தனை பேரக் கேட்டோம்ங்கறது கூட ரெண்டாம்பட்சம். 1936ல அமெரிக்கால லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு தபால்ல அனுப்பினாங்க, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு, அதிபர் தேர்தல்ல லாண்டன்தான் ஜெயிப்பார்னு போட்டாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46 ஜெயிச்சார். ஃபோன், கார் வச்சிருந்தவங்க லிஸ்ட்ல இருந்து எடுத்த அட்ரஸ், அதுலயும் பதில் போடணும்னு கோவத்தோட இருந்தவன்தான் போட்டான். நம்ம மஹலநோபிஸ் 1931ல இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆரம்பிச்சப்புறம் வங்காளத்துல சணல் எவ்ளோ பயிர் பண்ணியிருக்காங்கன்னு கணக்கெடுத்தார். வயல் வயலா முழுசா அளக்காம, எந்த வயலுங்கறத குலுக்கல் மாதிரி எடுத்து அளந்தார். ஆளு கம்மி, செலவு கம்மி.

அண்ணாநகர்_ஆடிட்டர்:
எல்லாரும் சேந்து 100% ஸ்கூல வில்லன் ஆக்கிட்டீங்க. என் பையன் அப்படி ஒரு ஸ்கூல்லதான் படிச்சான், இன்னிக்கு நல்ல வேலைல இருக்கான். அவன் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல 80 பேர் இருக்காங்க, பாதிப் பேரு வெளிநாடு, எல்லாரும் செட்டில். ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தது ஸ்கூல்தான். தோத்தவங்க பேசறத மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்க சார்.

ஏசி_மெக்கானிக்_வடபழனி:
ரொம்ப வருஷமா படிக்க மட்டும் வருவேன், எழுதினதில்ல. ஆடிட்டர் சார், உங்க பையனோட குரூப்ல நான் இருக்க மாட்டேன். வேற ஸ்கூலா கூட இருக்கலாம், ஆனா அதே மாதிரி ஸ்கூல், ஒன்பதாவதுல எனக்கு டிசி கொடுத்தாங்க. மேடம் சொன்னாங்களே காபி, எங்கப்பாவுக்குக் கொடுத்தாங்க, அவர் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டார். பத்தாவத தனித்தேர்வரா எழுதினேன், 341. ஐடிஐ முடிச்சேன், இப்ப சொந்தமா கடை, மூணு பசங்க வேலை பாக்கறாங்க, கொறை ஒண்ணும் இல்ல. அந்த வருஷம் எங்க ஸ்கூல் ஃப்ளெக்ஸ்ல 100%னுதான் போட்டிருந்தாங்க, அந்த வழியாத்தான் ஐடிஐக்குப் போவேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். தோத்தவங்க பேசறத மட்டும் கேக்கறோம்னு சொன்னீங்க. என்கூட அன்னிக்கு டிசி வாங்கினவன் ஒருத்தன் இருந்தான், எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி உக்காருவான். அவன் இங்க வந்து எழுத மாட்டான்.

டீச்சரம்மா_தாம்பரம்:
தம்பி, அந்த லிஸ்ட்ட எழுதின கை என்னுது மாதிரி கைதான். நான் எழுதியிருக்கேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

அண்ணாநகர்_ஆடிட்டர்:
நான் அந்த அர்த்தத்துல சொல்லல தம்பி. மன்னிச்சுக்கோங்க. பையன்கிட்ட கேட்டேன், ஒன்பதாவதுல எத்தனை பேர்டான்னு. நாலு செக்‌ஷன் இருந்துச்சாம். பத்தாவதுல மூணாம்.

கொளத்தூர்_அப்பா:
ஒரு வாரமா எழுத முடியல, ரெண்டு ஸ்கூலுக்கும் போயிட்டு வந்தேன். ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்விதான் கேட்டேன், போன வருஷம் பத்தாவது எழுதின பேட்ச் ஒன்பதாவது சேரும்போது எத்தனை பேர் இருந்தாங்க?

முதல் ஸ்கூல்ல ஆபீஸ்ல இருந்தவர் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு "அதெல்லாம் சொல்ல முடியாது சார், ரிசல்ட் வெளிய ஒட்டியிருக்கு பாருங்க"ன்னார். ப்ரின்சிபால பாக்கணும்னேன், அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்கணுமாம். நோட்டீஸ் ஒண்ணு கொடுத்தாங்க, வழவழன்னு நல்ல பேப்பர்.

ரெண்டாவது ஸ்கூல்ல ஹெச்எம் அம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு அவங்களே ரெஜிஸ்டர எடுத்தாங்க. ஒன்பதாவதுல 143 பேர். பத்தாவது எழுதினது 141. பாஸ் 128. போன ரெண்டு பேரு எங்கன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னாங்க, ஒரு பிள்ளையோட அப்பாவுக்கு மதுரைக்கு மாத்தல், இன்னொரு பையன் வர்றதில்ல, ரெண்டு தடவ வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தோம், இன்னொரு தடவ போகணும்னாங்க. ஃபெயிலான 13 பேருல 11 பேரு துணைத்தேர்வுல பாஸாயிட்டாங்களாம்.

ஃபாரம் வாங்கிட்டேன். வீட்டம்மா இன்னும் மனசார ஒத்துக்கல, "அந்த 13ல நம்ம பொண்ணு இருந்தா?"ன்னு நேத்து ராத்திரி கேட்டாங்க. முதல் ஸ்கூலா இருந்தா அவ 13லயே இருக்க மாட்டா, கேட்டுக்கு வெளிய இருப்பான்னு சொன்னேன். பதில் பேசல, ஆனா ஃபாரத்த எடுத்து பொண்ணு ஆதார் கார்டோட வச்சிருக்காங்க.

வேளச்சேரி_வெங்காயம்:
மச்சானுக்கு சொன்னீங்களா தல?

கொளத்தூர்_அப்பா:
ரெண்டு தடவ போட்டேன். எடுக்கல.